என் கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

போன மாதம் நம் தமிழ்ப் பெண் ஊழியர்கள் கூட்டத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு முதலில் காரணம் சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருத்தி எழுந்து, "மாதாம், நீங்கள் பெண்ணியவாதிதானே?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். நான் இரண்டு கைகளையும் ஆட்டி, "ஐயோ, இல்லை இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்துக்கும் மேல் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள் நான். கடைசிப் பத்து வருடம் பெண் ஊழியர்கள் எல்லோருக்கும் தலைமையாக இருந்தேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டு ஏன் அப்படிப் பதறினேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு அது பயன்படவும் கூடும்.

தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில், டிராங்கெபார் பேட்டையில் பிறந்தவள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். வேலைநிறுத்தம் நடந்த வருடம் ஒரு மத்தியானம் மண்டை உடைந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தார். அம்மா துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அநியாயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அது நடந்தது ஓர் ஆணுக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது "ஆண்கள் நம்மை அடக்குகிறார்கள்" என்று பேசும்போதெல்லாம் என் கண்ணில் அந்தக் கட்டுப் போட்ட தலைதான் வந்து நின்றது.

தொலைபேசி நிலையத்தில் நானும் பாக்கியமும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் வடக்கே ரிவியேர் டு ராம்பார் கிராமத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் கரும்புத் தோட்டத்தில் வேலை. இங்கே எங்கள் தெருவில் அவளுடைய அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து வேலைக்குப் போவோம். எங்கள் பேச்சு பாதி தீவில் எல்லோரும் பேசும் கிரியோல், பாதி வீட்டுத் தமிழ். நம் கூட்டத்துக்காக எழுதுவதால் இங்கே பெரும்பாலும் தமிழிலேயே எழுதுகிறேன்.

அழைப்பு விளக்குகள் எரியும், கம்பி செருகி இணைப்புக் கொடுக்கும் போர்டு முன்னால் ஒன்பது நாற்காலிகள். ஒன்பதிலும் கல்யாணமாகாத பெண்கள். அதுதான் விதி. ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால் அந்த மாதமே விலகிவிட வேண்டும். பின்னறையில் வேலை பார்த்த ஆண்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. மழை பெய்வதை யாரும் ஏன் என்று கேட்பதில்லையே, அப்படித்தான் நாங்களும் அந்த விதியைக் கேட்காமல் இருந்தோம். பாக்கியம் மட்டும் முதல் வாரத்திலேயே கேட்டாள். "கழுத்துல தாலி ஏறினா காது கேக்காமப் போயிடுமா?" என்று எங்கள் கண்காணிப்பாளரிடமே கேட்டாள். அந்த அம்மாளும் கல்யாணம் ஆகாதவள்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் செய்த முதல் தவறு இது.

ஒரு தோட்டத்து மேலாளர் தினமும் காலையில் அழைப்பார். இணைப்பு கொடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும் திட்டுவார். ஒருநாள் பாக்கியத்திடம், வாயில் சொல்லக் கூசும் ஒரு வார்த்தையை, அவளுடைய அம்மாவையும் சேர்த்துச் சொன்னார். பாக்கியம் சுத்தமான பிரெஞ்சில், "அந்த வார்த்தையை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகு இணைப்பு தருகிறேன், முசியே" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடுங்கினாள். அவர் மறுபடி அழைத்தார். விளக்கு என் பக்கம் எரிந்தது.  அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "மன்னியுங்கள் முசியே, அவள் புதியவள், கொஞ்சம் படபடப்புக்காரி" என்றேன்.

இரண்டு நாளில் புகார் கடிதம் வந்தது. "அவளுடைய சக ஊழியரே தவறை ஒப்புக்கொண்டார்" என்று அதில் எழுதியிருந்தது. பாக்கியத்துக்கு எச்சரிக்கை கொடுத்து, மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை வேலையும் போட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம், "உனக்காகத்தான் சொன்னேன்" என்றேன்.

"எனக்காக இல்ல லெச்சுமி. அந்த ஆளு கோவிச்சுக்கக் கூடாதுன்னு சொன்ன."

"வேலை போயிருந்தா?"

"போயிருந்தா என் வேலைதானே போயிருக்கும். என் வாயால பேச நான் இருக்கேன். நீ உன் வாயால பேசு."

பிறகு தெருமுனையில் நின்று வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள். அவள் கோபம் அவ்வளவுதான். இன்னொருத்தியின் சார்பாக மன்னிப்புக் கேட்காதீர்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகும் நான் உங்களுக்கு முதலில் சொல்வது இதுதான்.

அதற்கடுத்த வருடம் பீனிக்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டில் பெண்கள் கூட்டம் என்று பாக்கியம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்போது தீவில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டேன். பெரிய வராந்தா, பிரம்பு நாற்காலிகள், பூச்சாடிகள். வெள்ளைக் கையுறை போட்ட சில சீமாட்டிகள், வக்கீல் வீட்டு அம்மாள்கள், எங்களைப் போல வேலைக்குப் போகும் நாலைந்து பேர். வீட்டுக்கார அம்மாள் நன்றாகப் பேசினாள். பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது, இனி நாம் எல்லோரும் ஒரே சாதி, சகோதரிகள் என்றாள். கைதட்டினோம்.

அப்போது தேநீர்த் தட்டோடு ஒருத்தி வந்தாள். நிமிர்ந்து பார்த்தால், எங்கள் பக்கத்து வீட்டு ராசம்மா அத்தை. வாரம் முழுக்க எங்கேயோ ஒரு வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள் என்று தெரியும். அந்த வீடுதான் இது என்று தெரியாது. என் முன்னால் குனிந்து கோப்பையை வைத்தாள். "அத்தை" என்றேன். யாரோ போல என்னைத் தாண்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரிந்தவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. அவளுக்குக் கிடையாது. என் அம்மாவுக்கும் கிடையாது. இதைப் பற்றி அந்த வராந்தாவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். பாக்கியம் எழுந்து போய் அத்தையின் கையிலிருந்த தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக மற்றவர்களுக்குக் கோப்பை கொடுத்தார்கள். வீட்டுக்கார அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகம் சுற்றி வந்தது. சங்கத்தில் சேர விரும்புகிறவர்கள் பெயர் எழுதலாம். பாக்கியம் எழுதினாள். நான் பக்கத்திலிருந்தவளிடம் தள்ளிவிட்டேன்.

ரயிலில் சண்டை.

"அத்தை நின்னுக்கிட்டே இருந்தாங்க, பார்த்தேல்ல? இவங்க கூட்டத்துல என் பேரு எதுக்கு?"

"பார்த்தேன். அவங்க வீடு வேற, அவங்க பேசின பேச்சு வேற. பேச்சு நமக்கு வேணும் லெச்சுமி. அத்தைக்கு நம்மளவிட அதிகமா வேணும்."

"அப்ப அத்தையே வந்து பேசட்டும்."

"நீயும் நானும் வெளிய நின்னா அத்தை எப்படி உள்ள வருவாங்க?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. பெண்ணியவாதி என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது வெள்ளைக் கையுறைதான். உங்களில் சிலருக்கு என் மனநிலை புரியும் என்று நினைக்கிறேன். பெண்களுக்கு நியாயம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வராந்தாவில் எனக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. இடம் இருந்திருந்தாலும், அப்பாவை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. இன்றைக்கும் அந்த எண்ணம் முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன். அதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேனே, அதுதான் பிழை.

பாக்கியத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அவள் ஊரிலேயே பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். அவள் வேலையை விடத் தயாராக இல்லை. பெண்களுக்கு மட்டும் இருக்கிற கல்யாண விதியை எடுக்க வேண்டும் என்று அழகான கையெழுத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினாள். மத்தியான இடைவேளையில் என் முன்னால் வைத்தாள்.

"நீ முதல்ல போடு. நீ போட்டா மத்தவங்களும் போடுவாங்க. இந்த போர்டுல உன்னைவிட நல்லா வேலை செய்யற ஆள் இல்லைன்னு மேல இருக்கறவங்களுக்கே தெரியும்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர், போடு என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுருட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "உன் இஷ்டம். நான் கைநாட்டு வெச்சப்ப யாரையும் கேக்கல" என்றார்.

அடுப்பருகே இருந்த அம்மா திரும்பினாள். "கேக்கல. நீங்க தெருவுல நின்ன அத்தனை நாளும் இந்த அடுப்பு எப்படி எரிஞ்சதுன்னும் கேக்கல."

அப்பா சுருட்டைப் பற்ற வைத்தார். அம்மா என்னைப் பார்த்து, "தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வராங்க. அக்காக்காரி கூட்டம் போடற பொம்பளையான்னு மாப்பிள்ளையோட அம்மா ஏற்கெனவே விசாரிச்சாச்சு. அது முடியட்டும், அப்புறம் நீ எதுல வேணும்னாலும் எழுது" என்றாள்.

நன்றாகக் கவனித்தால், அந்த விண்ணப்பத்தில் இருந்ததைவிடப் பெரிய விஷயத்தை அம்மா அன்றைக்கு அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சொன்ன அதே மூச்சில் எனக்குப் பூட்டும் போட்டாள். எனக்குப் பூட்டு மட்டும்தான் காதில் விழுந்தது.

மறுநாள் பாக்கியம் பேனாவை நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி கல்யாணம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் கிரியோலில், எல்லோருக்கும் கேட்கும்படி, "மோ பா ஸா கலிதே ஃபாம் லா" என்றேன். நான் அந்த மாதிரிப் பெண் இல்லை.

பாக்கியம் பேனாவை மூடினாள். "எந்த மாதிரி?" என்று மட்டும் கேட்டாள். மணி அடித்தது, நான் போர்டுக்குத் திரும்பிவிட்டேன். அவளையும் சேர்த்து மூன்று கையெழுத்துகளோடு விண்ணப்பம் மேலே போனது. ஒரு வரியில் மறுப்பு வந்தது. தை மாதம் கல்யாணம். நான் போயிருந்தேன். மணவறையில் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் நாற்காலிக்கு வேறொரு பெண் வந்தாள், நல்ல பெண். ஆனால் காலையில் தெருமுனையில் நான் தனியாக நடந்தேன். பழக்கத்தில் அவள் அத்தை வீட்டு வாசலில் கால் நிற்கும்.

பிறகு அந்தப் பெரும் புயல் வந்தது. அன்று பொறுப்பு என்னுடையது. ஒன்பது பேரில் நான்கு பேர்தான் வந்து சேர முடிந்தது. காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் பலகைகள் அதிர்ந்துகொண்டிருந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு பாக்கியம் உள்ளே வந்தாள். ஆண்கள் போடும் மழைக்கோட்டு, முழங்கால்வரை சேறு. உடம்பு முடியாத அத்தையைப் பார்க்க வந்தவள் பஸ் நின்றுபோனதால் டிராங்கெபாரிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த இடம் காலி?" என்றாள்.

வெளியாள் போர்டைத் தொடக் கூடாது. தொடவிட்டால் பொறுப்பாளருக்கு வேலை போகும். கேட்பதற்கு மேலதிகாரி கிடைக்கவில்லை, அவர் வீட்டு இணைப்பு அறுந்திருந்தது. போர்டில் விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எரிந்துகொண்டிருந்தன. காதுக்கருவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். யோசித்துக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகக் கொடுத்தது.

மத்தியானத்துக்குள் வடக்கே போகும் கம்பிகளில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அதில் பாக்கியத்தின் ஊர் மருத்துவமனைத் தாதியின் குரல் வந்தது. கூரை பறந்துவிட்டது, பிரசவ வலியில் ஒருத்தி, படுக்கையில் இருபது பேர். அதே நேரம் ஓர் உயர் அதிகாரி வடக்கே இருக்கும் தன் வீட்டை உடனே இணைக்கச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கம்பிதான் இருந்தது. யாருக்குக் கொடுப்பது?

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "நீதான் பொறுப்பு. உன் வாயால சொல்லு" என்றாள்.

அதிகாரியிடம், "முசியே, இணைப்பு இப்போது கிடையாது. புகார் எழுதுவதானால் என் பெயர் லெச்சுமி" என்று சொல்லிவிட்டு அவர் கம்பியை எடுத்துவிட்டேன். அந்த ஒரு கம்பியைத் தாதிக்கே ஒதுக்கினோம். போலீஸ் லாரி எதுவும் போக முடியாது என்று பதில் வந்தது. அப்போது பாக்கியம், அந்தக் கிராமத்துச் சீனக் கடையிலும் தொலைபேசி உண்டு, அது அதே கம்பியில்தான் வருகிறது என்று சொல்லிக் கடைக்காரரைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து அவளை அறிந்தவர். "மாமா, நான் பாக்கியம். பின்னால கரும்பு லாரி நிக்குதா? ஓட்டறவரை எழுப்புங்க" என்றாள். லாரி போய்ச் சேர்ந்தது. எல்லோரையும் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். சாயங்காலம் தாதி மறுபடி இணைப்பில் வந்து, "பெண் குழந்தை" என்றாள். நாங்கள் ஐந்து பேரும் போர்டு முன்னால் அழுதோம்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. புயல் ஓய்ந்ததும் அறிக்கை கேட்டார்கள், அன்று போர்டில் இருந்தவர்கள் யார் யார் என்று. அதிகாரியை எதிர்த்துப் பேசிய எனக்கு, அந்தத் தாளின் முன்னால் தைரியம் வரவில்லை. நான்கு பெயர்கள் எழுதினேன். பாராட்டுக் கடிதம் நான்கு பெயர்களோடு வந்தது. பத்திரிகையிலும் வந்தது. பாக்கியம் வீட்டிலும் அந்தப் பத்திரிகை வாங்குவார்கள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நெருக்கடியில் சரியாக முடிவெடுப்பதை எல்லோரும் புகழ்வார்கள். அது அவ்வளவு கடினம் இல்லை, நேரமே உங்களைத் தள்ளிவிடும். ஆபத்து நீங்கி, உட்கார்ந்து எழுதும்போதுதான் நாம் யார் என்று தெரிகிறது.

சில வருடம் கழித்து, எங்களுக்குப் பின் வந்த பெண்கள் அதே விண்ணப்பத்தை மறுபடி எழுதினார்கள். என்னிடம் முதலில் கொண்டுவரவில்லை. கையெழுத்துப் போடாதவள் என்றுதான் என்னைப் பற்றி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நானே கேட்டு வாங்கி, நான்காவதாகக் கையெழுத்துப் போட்டேன். நாடும் அப்போது மாறிக்கொண்டிருந்தது, எல்லோரும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். விதி போயிற்று. முப்பத்தைந்து வயதுக்கு மேல் நான் கல்யாணம் செய்துகொண்டேன், வேலையிலும் இருந்தேன்.

விதி போன சேதியைச் சொல்ல ரிவியேர் டு ராம்பாருக்குப் போனேன். பாக்கியம் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சோறும் தக்காளி ரூகாய்க் குழம்பும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, "திரும்பி வா பாக்கியம். எடுத்துக்குவாங்க. நான் பேசறேன்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வேலைக்கு வரணுமா, இல்ல உன் மனசு ஆறணுமா?"

"ரெண்டும்" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தாள். பிறகுதான் சொன்னாள், கணவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது, கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று. எனக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"அன்னிக்கு நான் உன் பேரை எழுதல" என்றேன்.

"தெரியும்."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"அதையும் தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன். கோவம் இருந்துச்சு லெச்சுமி. ரொம்ப நாள் இருந்துச்சு. காதுக்கருவியைக் குடுத்ததும் நீதான்னு நினைச்சுக்குவேன். அப்புறம் மறுபடி கோவம் வரும்." என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "உனக்குப் புள்ள பொறந்தா சம்பளத்தோட லீவு கேளு. குடுக்க மாட்டாங்க. கேளு."

"அப்ப என்னையும் அந்த மாதிரிப் பொம்பளைன்னு சொல்லுவாங்களே."

"சொல்லட்டுமே. நீ என்ன பேருல வேணும்னாலும் இரு. கேக்காம மட்டும் இருக்காதே."

கேட்டேன். முதல் தடவை மறுத்தார்கள். இரண்டாம் தடவை பதிலே இல்லை. மூன்றாம் தடவை நான் எழுதிய தாளில் போர்டில் இருந்த எல்லாப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள், கல்யாணம் ஆகாதவர்கள் உட்பட. நீங்கள் இப்போது எடுக்கிறீர்களே அந்த விடுப்பு, அது அப்படி வந்தது. யாரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. கேட்கச் சொன்னவள் பாக்கியம். இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவும்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சொல் எனக்கு இன்னும் நாக்கில் சரியாக உட்காரவில்லை. ஆனால் இனி யார் கேட்டாலும் கையை ஆட்ட மாட்டேன்.

இங்கிலாந்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. வீடு மாறப்போகிறோம், புது விலாசம் எழுதுகிறேன் என்றிருந்தாள். பிறகு வரவில்லை. பழைய விலாசத்துக்கு நான் எழுதியவை திரும்பி வந்தன.

சுதந்திரம் வந்த வருடமே என் மகள் பிறந்தாள். விடுப்பு முடிந்து போர்டுக்குத் திரும்பிய முதல் காலை, ரிவியேர் டு ராம்பார் விளக்கு எரிந்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், அதே ஊர் இழுப்பு, அதே அவசரம். அழைப்பவரின் பெயரைக் கேட்கக் கூடாது என்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"பாக்கியமா?" என்றேன்.

"இல்லையே, மாதாம். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "இதோ, பேசுங்க."